உறுதி எழுதிக் கொடுத்த கை

1707ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர், நம்மவருடைய சொத்து வழக்கங்களைத் தொகுத்து ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்சிடம் ஒப்படைத்தார். யான் பிரூஸ் என்பவர் அதனைத் தமிழிற் பெயர்த்தார். பன்னிரண்டு தமிழ் முதலிமார் அதைப் பார்வையிட்டு, எழுதியிருப்பது நாட்டு வழக்கமே என்று ஏற்றுக்கொண்டனர். பின்னர் வந்த பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். தேசவழமைச் சட்டம் உருவான கதை இது. முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்று அதில் பலவும் பேசப்படுகின்றன. சட்டம் படிப்பவர்கள் அதிகம் நின்று பார்க்காத ஓரிடத்தில் மட்டும் ஐசாக்சின் குரலில் சற்றே சலிப்புத் தெரிகிறது.

முதுமையினால் சொத்தை ஆள இயலாத பெற்றோரின் சம்மதத்தோடு ஆண்மக்கள் அதனைப் பிரித்துக்கொள்வார்கள். சாகும்வரை தாபரிப்போம் என்று வாக்குக் கொடுப்பார்கள். சொத்துக் கைக்கு வந்தபின் வாக்கை மறப்பார்கள். அவ்வாறு நேர்ந்தால் பெற்றோர் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். ஐசாக்ஸ் பதிந்துவைத்த வழக்கத்தின் சாரம் அதுதான்.

முன்னூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. முதியவரின் சொத்தைப் பிள்ளை அபகரித்துவிட்டது என்ற குற்றச்சாட்டு நமது குடும்பங்களைவிட்டுப் போகவில்லை. இதுபற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முதியவரின் பக்கத்திலிருந்தே எழுதுகிறார்கள். அது நியாயமானதே. ஆனால், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்வதற்குச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது, அவரிடம் அது எதைக் கேட்கிறது, கேட்டதை அவரால் கொடுக்க முடிகிறதா என்பவற்றை எவரும் அதிகம் பேசுவதில்லை. நான் இங்கு பேச விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தை மனதில் வைத்தே பேசுகிறேன். நீதிமன்றச் செய்திகளை நான் பல ஆண்டுகள் எழுதிய ஊர் அது. தேசவழமை அவ்வூர்த் தமிழருக்குப் பொருந்துமா என்பது நீதிமன்றங்களில் வாதிடப்பட்ட விடயம். அந்த வாதத்துக்குள் நுழையவேண்டிய தேவை இங்கு இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்திலும் இதே உரிமை உண்டு என்பதனால், எந்த வழியாக வந்தாலும் முதியவர் ஒரே வாசலுக்குத்தான் வந்து சேருவார்.

இந்த ஊரின் குடும்ப அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளின் கலியாணத்தோடு வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மருமகன் அங்கே வந்து குடியேறுவார். தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் ஒரு சிறு வீட்டுக்கோ பின்னறைக்கோ ஒதுங்குவார்கள். கோணேசர் கோயில் மலையடிவாரத்திலிருந்து உப்புவெளி வரை இந்த ஏற்பாடு பல வீடுகளில் உண்டு. ஆகவே முதியவரைக் கடைசிக் காலத்தில் பார்ப்பவளும், அவருடைய சொத்தைப் பெற்றவளும் பெரும்பாலும் ஒரே பெண்ணாகவே இருப்பாள். நற்பேறாக அமையும் இந்த ஏற்பாடே வழக்கென்று வரும்போது அவளுக்குப் பெரும் பாதகமாகிவிடுகிறது.

முன்னைய தலைமுறையில் இதற்காக நீதிமன்றம் போனவர்கள் குறைவு. கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் கையளித்துவிட்டுப் போனபின்பு, துறைமுகத்தை அண்டியிருந்த காணிகளுக்குப் பெரிய விலை இருக்கவில்லை. அதன்பின் 1983, 1990, 2006 என்று ஒவ்வொரு கலவரமும் யுத்தமும் ஊரைக் கலைத்தன. 2004 மார்கழியில் கடல் வந்தது. பிள்ளைகளில் ஒருவர் லண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருத்தி மட்டும் ஊரிலுமாகப் பிரிந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. கரையோரக் காணிகளைத் தேடி உல்லாச விடுதிக்காரர்கள் வந்தார்கள். முன்பு வேலியடைக்கவும் ஆளில்லாமற் கிடந்த வளவு, வெளிநாட்டிலுள்ளவர்களும் திரும்பிப் பார்க்கும் வளவாயிற்று. உறுதியை எடுத்துப் பார்த்தால் அது தங்கச்சியின் பெயரில் இருக்கும்.

நான் கேட்ட வழக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவைதான். ஆயினும் அவற்றின் எலும்புக்கூடு ஒன்றே. அம்மாவுக்கு எண்பது வயது, உறுதி எழுதியபோது அவருக்கு நினைவு சரியாக இருக்கவில்லை, ஓய்வூதியப் பணத்தை மகளே எடுத்தாள், வங்கிக் கணக்கில் இணைப் பெயர் போடப்பட்டது, நகைகளைக் காணவில்லை. இவ்வளவையும் சொல்பவர் அம்மா அல்லர். வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன். அம்மா ஒன்றும் பேசமாட்டார், அல்லது காலமாகியிருப்பார்.

இந்த இடத்தில் ரோமானியர்களிடம் போகவேண்டியிருக்கிறது. நன்கொடையாகக் கொடுத்ததைப் பெரும் நன்றிகேட்டின் பொருட்டுத் திரும்பப் பெறலாம் என்ற விதியை 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தீனியன் பேரரசர் வரையறுத்தார். கொடுத்தவரைக் கொடுமையாக அவமதித்தல், அவர்மேற் கைவைத்தல், அவர் சொத்துக்குச் சதியால் பெருநட்டம் விளைத்தல், அவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கல், கொடையோடு சேர்ந்த நிபந்தனையை நிறைவேற்றாமை ஆகியவையே அவர் சொன்ன காரணங்கள். ஹொலந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஹானஸ் வூட் (1647–1713) அவற்றை விளக்கி எழுதினார். ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தில் வழக்கங்களைத் தொகுத்ததும் வூட் லெய்டனில் தமது பெருநூலை எழுதியதும் ஏறத்தாழ ஒரே காலம். ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்கள் அந்தச் சட்டத்தைக் கொழும்புக்கும் காலிக்கும் திருகோணமலைக்கும் கொண்டுவந்தன. 1795 ஆகஸ்டில் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம், ஒல்லாந்தர் காலத்திலிருந்த சட்டமே தொடரும் என்றும் அறிவித்தார்கள். பிறெட்றிக் கோட்டையின் வாசலில் இன்று மான்கள் மேய்கின்றன. கோட்டைக்குள் வந்த சட்டம் மட்டும் இன்னும் வெளியேறவில்லை.

யுஸ்தீனியனின் விதியில் இன்னுமொரு வரி உண்டு. கொடை கொடுத்தவர் மட்டுமே இவ்வழக்கைத் தொடங்கலாம். அவர் தொடங்காமல் விட்டதை அவருடைய வாரிசுகள் தொடங்க இடமில்லை. ஏன் இப்படிச் சொன்னார்? பொறுப்பதா, பொறுக்காமல் விடுவதா என்பது அடிபட்டவருடைய உரிமை என்று அவர் கருதியிருக்கவேண்டும். நன்றிகேடு என்பது இருவருக்கிடையிலான விடயம். மூன்றாமவர் அதை அளக்க முடியாது.

இதனாலேயே அண்ணன்மார் நன்றிகேட்டைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவர்கள் வேறு கதவுகளைத் தட்டுகிறார்கள். அம்மாவுக்குச் சித்தம் சரியில்லை என்பது ஒன்று. கைநாட்டு அவருடையதல்ல என்பது இன்னொன்று. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவைக் காட்டி, உறுதி அவள் பெயருக்கு எழுதப்பட்டாலும் பயனை அவளுக்குக் கொடுக்கும் எண்ணம் அம்மாவுக்கு இருக்கவில்லை, எல்லோருக்குமாகவே அவள் வைத்திருந்தாள் என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் வலிய கதவு வேறொன்று. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 111ஆம் பிரிவு அது.

வழக்கொன்றில் சொல்பவரே நிரூபிக்கவேண்டும் என்பது நாமெல்லோரும் அறிந்த பொதுவிதி. 111ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்குகிறது. இருவரில் ஒருவர் மற்றவருடைய முழு நம்பிக்கைக்குப் பாத்திரமான நிலையில் இருந்தால், அவர்களிடையே நடந்த கொடுக்கல் வாங்கல் நல்லெண்ணத்தோடு நடந்தது என்பதை, நம்பப்பட்டவரே நிரூபிக்கவேண்டும். இந்தப் பிரிவு 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலிருந்து அப்படியே வந்தது. அதனை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன். பிரிவின் கீழே அவர் இரண்டு உதாரணங்கள் கொடுத்திருக்கிறார். ஒன்று, கட்சிக்காரரிடம் சொத்து வாங்கிய சட்டத்தரணி. மற்றது, அப்போதுதான் பராயமடைந்த மகனிடம் சொத்து வாங்கிய தகப்பன். கவனியுங்கள்: ஸ்ரீபன் ஐயப்பட்டது தகப்பனை. வயதான தாயை வளர்ந்த பிள்ளை வளைத்துவிடும் என்பது அவருடைய உதாரணங்களில் இல்லை. சொற்கள் பொதுவானவை என்பதனால் அவை இந்த உறவுக்கும் பொருந்துகின்றன.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பத்து ஆண்டுகள் தாயைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கிளினிக்குக்குக் கூட்டிப்போன மகள்தான் முழு நம்பிக்கைக்குப் பாத்திரமான நிலையில் இருந்தவள். எட்டிப் பார்க்காத மகன் அந்த நிலையில் இல்லை. ஆகவே நிரூபிக்கும் பாரம் மகளுடைய தலையில் ஏறுகிறது. அவள் எவ்வளவு அதிகம் பார்த்தாளோ அவ்வளவுக்கு அந்தப் பாரமும் அதிகம். சட்டம் அநியாயமானது என்று நான் சொல்லவரவில்லை. முதியவரை உண்மையிலேயே வளைத்துப்போடுபவர்களும் அருகிலிருப்பவர்களே. பராமரிப்பவளையும் பறிப்பவளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். சட்டத்துக்கு வெளியிலிருந்து பார்க்கத்தான் தெரியும்.

இந்தப் பாரத்தை எப்படி இறக்குவது என்பதற்குத் திருகோணமலையைப் போன்ற இன்னொரு துறைமுகப் பட்டினத்திலிருந்து ஒரு வழக்கு உண்டு. சட்டக்கல்லூரி மாணவர்கள் அதனை இன்சே நோரியா வழக்கு என்று அறிவார்கள். இன்சே என்பது மலாய் மொழியில் மரியாதைச் சொல். சிங்கப்பூரில் வாழ்ந்த நோரியா மிக வயதான, எழுத்தறிவற்ற மூதாட்டி. அவருடைய காரியங்களையெல்லாம் பார்த்துவந்தவர் மருமகன் முறையானவர். மூதாட்டி தமது காணிகளை அவருக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். பிறகு அந்த உறுதி வழக்குக்கு வந்தது. வழக்கு லண்டனிலுள்ள பிரிவுக் கவுன்சில் வரை போனது. தீர்ப்பு 1929ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியாயிற்று. அக்காலத்தில் இலங்கை வழக்குகளுக்கும் கடைசி மன்று அந்தப் பிரிவுக் கவுன்சில்தான்.

மருமகனின் எதிர்வாதம் பலவீனமானதன்று. உறுதி எழுதுமுன் ஒரு சட்டத்தரணி மூதாட்டிக்கு விளக்கியிருந்தார். அவர் நேர்மையானவர் என்பதை நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள். மூதாட்டி கேட்டுப் புரிந்துகொண்டே ஒப்பமிட்டார் என்று அவர் சாட்சியமும் அளித்தார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நாம் கேட்போம். ஆனால் உறுதி தள்ளுபடியாயிற்று. அந்தச் சட்டத்தரணிக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை: மூதாட்டி கொடுக்கும் காணிகள்தான் ஏறத்தாழ அவருடைய முழுச் சொத்தும். இன்னொன்றை அவர் சொல்லவும் இல்லை: இதையே மரண சாசனமாக எழுதினால் மருமகனுக்கும் கிடைக்கும், சாகும்வரை உங்கள் கையிலும் இருக்கும். முழு உண்மைகளையும் அறியாமற் கொடுக்கப்பட்ட ஆலோசனை ஆலோசனை ஆகாது என்றார்கள் நீதிபதிகள். சுயாதீனமான சட்ட ஆலோசனை ஒன்றே வழி என்பதும் இல்லை; கொடுத்தவர் தம்முடைய சொந்த மனதோடு கொடுத்தார் என்பதை வேறு வகையிலும் காட்டலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த "வேறு வகை"யில்தான் எதிர்வாதம் இன்றுவரை உயிர்வாழ்கிறது.

நம்மூர் உறுதிக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுத்தில் ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்தியதாகக் கீழே அத்தாட்சி எழுதுவார். இத்தனையும் இருந்தால் போதும் என்று நம் பெண்கள் நம்புகிறார்கள். உறுதி உறுதிதானே! ஆனால் நொத்தாரிசின் அத்தாட்சி ஒப்பமிட்டதற்குச் சாட்சி. ஒப்பமிட்ட மனதுக்கு அது முழுச் சாட்சியாகாது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழும் அவ்வாறே. ஆள் உயிரோடு இருப்பதை அது சொல்லும், அவ்வளவே.

எதிர்வாதம் வெல்லும் வழக்குகளில் சில சிறிய விடயங்கள் பெரிய வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். சீவிய உரித்து அவற்றில் முதன்மையானது. சாகும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தமக்கு ஒதுக்கிக்கொண்டு அம்மா உறுதி எழுதியிருந்தால், என்ன செய்கிறோம் என்பதை அவர் அறிந்தே செய்தார் என்று வாதிட அது மிக வாய்ப்பானது. சித்தமிழந்தவர் தமக்கென்று ஒன்றை ஒதுக்கமாட்டார். வேறோர் ஊரிலோ வேறொரு தெருவிலோ இருக்கும், மகளுக்கு அறிமுகமில்லாத நொத்தாரிசிடம் அம்மாவே போயிருந்தால் அதுவும் பலம். சாட்சிகள் இருவரும் மருமகனின் சிநேகிதர்களாக இருந்தால் பலவீனம். உறுதி எழுதியபின் அம்மா பல ஆண்டுகள் தெளிவோடு வாழ்ந்து, ஒருமுறையேனும் அதைக் குறைசொல்லாதிருந்தால் அந்த ஆண்டுகளும் பேசும்.

ஒரு தவறான சாதுரியத்தையும் சொல்லவேண்டும். நன்கொடை உறுதியைப் பின்னர் இரத்துச் செய்யலாம் என்ற பயத்தினால், நன்கொடையையே விலை உறுதியாக எழுதிவிடுவார்கள். இவ்வளவு இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று அம்மா ஒப்பமிடுவார். ஒரு சதமும் கைமாறியிருக்காது. வழக்கு வரும்போது எதிராளியின் கூண்டில் நிற்கும் மகளிடம் முதற்கேள்வி அதுதான்: பணம் எங்கிருந்து வந்தது, எந்த வங்கியால் கொடுத்தீர்? உண்மையான கொடையைப் பொய்யான விற்பனைக்குள் ஒளித்துவைத்ததனால், உண்மையும் சேர்ந்து நம்பமுடியாததாகிவிடுகிறது. இதை எழுதும்படி ஆலோசனை சொன்ன பெரிய மனிதர் அன்று மன்றுக்கு வரமாட்டார்.

பிறகு பங்கு பற்றிய பேச்சு. அண்ணனுக்கு ஒன்றும் கொடுக்காமல் எல்லாவற்றையும் தங்கை எடுத்துவிட்டாள் என்பது முறைப்பாடு. அண்ணனுடைய பங்கு 1980களிலோ 90களிலோ விமானம் ஏறிவிட்டது என்பது எதிர்வாதம். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய பணம், அதற்காக அடகுவைத்த தாலிக்கொடி, ஈடுவைத்த வயல் எல்லாம் ஊரறிந்தவை. ஆனால் ஏஜென்சிக்காரன் பற்றுச்சீட்டுத் தருவதில்லை. அண்ணனுக்கும் அதே கதைதான். அவர் உழைத்து அனுப்பிய பணத்திற் பாதி உண்டியலில் வந்தது. உண்டியலுக்கும் சீட்டு இல்லை. தங்கையின் கலியாணத்துக்கும் அம்மாவின் சத்திரசிகிச்சைக்கும் வீட்டின் மேல்மாடிக்கும் அவர் கொடுத்ததை எங்கே நிரூபிப்பார்? ஒரு தலைமுறையின் முழுக் கொடுக்கல் வாங்கலும் காகிதமில்லாமலே நடந்து முடிந்துவிட்டது. மிஞ்சிய ஒரே காகிதம் அந்த உறுதி. வழக்கு முழுவதும் அந்த ஒன்றின்மேல் ஏறி நிற்கிறது.

சிவில் வழக்கோடு பலர் நிற்பதில்லை. பொலிசிலும் முறைப்பாடு போகும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றவியல் நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், போலி ஆவணம் தயாரித்தல் ஆகிய குற்றங்கள் உண்டு. இரண்டு மன்றுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பலர் அறிவதில்லை. குற்றவியல் மன்றில் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டியவர் வழக்குத் தொடுநர். எதிரி வாய்திறவாமல் இருக்கலாம். மாவட்ட நீதிமன்றில் 111ஆம் பிரிவு ஏறிய பின்பு வாய்திறவாதவர் தோற்பார். பொலிசில் பயத்தினால் எழுதிக் கொடுத்த ஒரு சமாதானக் கடிதம் மற்ற மன்றில் வந்து குந்தியிருக்கும்.

இது ஏழைகளின் சண்டை என்றோ நம்மவரின் குணம் என்றோ எவரும் நினைக்கவேண்டாம். நியூயோர்க்கின் பெருந்தனவந்தரும் கொடையாளியுமான புரூக் அஸ்டர் 2007 ஆகஸ்டில் தமது 105ஆவது வயதிற் காலமானார். அதற்கு முந்திய ஆண்டே, அவருடைய மகன் அந்தனி மார்ஷல் தாயைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று நீதிமன்றம் போனவர் பேரன்; அதாவது மார்ஷலின் சொந்த மகன். தாயின் சொத்தை நிர்வகித்ததற்காகத் தமக்குத் தாமே ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் சம்பள உயர்வை முன்தேதியிட்டு எடுத்துக்கொண்டார் என்பது பின்னர் வந்த குற்றவியல் வழக்கின் பிரதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. தாயின் பெயரால் செயற்படும் அதிகாரம் தம்மிடம் இருந்தது, அவர் அறிந்தே கொடுத்தார் என்பது எதிர்வாதம். அமெரிக்காவின் விலைகூடிய சட்டத்தரணிகள் அதை வாதிட்டார்கள். 2009 ஒக்ரோபரில் 16 குற்றச்சாட்டுகளில் 14இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அப்போது அவருக்கு வயது 85. முதியவரை வஞ்சித்ததாகத் தண்டிக்கப்பட்டவர் தாமே முதியவர்! 2013இல் சிறைசென்று, உடல்நிலை காரணமாக ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வெளிவந்து, மறு ஆண்டு காலமானார்.

மார்ஷலின் வழக்கில் நம்மவர் கவனிக்கவேண்டியது அந்த அதிகாரப் பத்திரம். நாம் அதை அற்றோணித் தத்துவம் என்கிறோம். புலம்பெயர்ந்த குடும்பங்கள் எல்லாவற்றையும் அதை வைத்தே நடத்துகின்றன. அதைக் கொடுத்தவர் சித்தமிழந்தால் அதிகாரமும் இழக்கப்படும் என்பதே பொதுச் சட்டத்தின் பழைய விதி. அதாவது, எப்போது அது மிக அவசியமோ அப்போதே அது செத்துவிடும். இங்கிலாந்து இதை 1985இல் சட்டம் இயற்றி மாற்றியது. 2007இலிருந்து அங்கே நிலைத்த அதிகாரப் பத்திரம் என்ற புதிய முறை நடக்கிறது. லண்டனிலிருந்து வரும் பிள்ளைகள் ஊரிலும் அதே சட்டம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அம்மா ஆளையே அடையாளம் காணாத நிலையிலும் பழைய அற்றோணித் தத்துவத்தை வைத்துக் கணக்கை இயக்குகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் அந்த நாட்களில் எடுத்த ஒவ்வொரு ரூபாயும் பின்னர் கேள்வியாகும். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சித்தமிழந்தவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றமே முகாமையாளர் ஒருவரை நியமிக்கலாம். அம்மாவுக்குச் சித்தம் சரியில்லை என்று நாமே பெட்டிசம் எழுதுவதா என்ற கூச்சத்தினால் அந்த வழியை நாடுபவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். அதே வார்த்தைகளை எதிர்த்தரப்பு எழுதும்போது கூச்சம் இருப்பதில்லை.

அண்மைய சட்டங்களையும் ஒருகணம் பார்ப்போம். இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதைக் கடந்த பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்றது. தாபரிப்புக் கேட்க ஒரு சபையையும் அமைத்தது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தது. அதற்கு முன்னர், கொடுத்தவர் மனம் மாறினால் நொத்தாரிசிடம் போய் இரத்து உறுதி ஒன்றை எழுதிப் பதிந்துவிடுவார். மகளுக்கு அது தெரியவே வராது. நன்கொடை உறுதியுள்ள காணிகளை வங்கிகள் ஈடாக ஏற்கத் தயங்கியதற்கும் அதுவே காரணம். இரத்துச் செய்ய முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடையைப் பெரும் நன்றிகேட்டின் பேரில் நீதிமன்றத்தின் கட்டளையால் மட்டுமே இனி இரத்துச் செய்யலாம் என்று அந்தச் சட்டம் விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு மேடை கிடைத்தது. வங்கிகளின் வசதிக்காக வந்ததென்று அதைச் சிலர் குறைசொன்னார்கள். இருக்கட்டும். வாசல் எதற்காகத் திறக்கப்பட்டாலும் உள்ளே போகிறவருக்கு அது வாசல்தான்.

இந்தியாவில் அந்த மேடையே சிக்கலாயிற்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007), பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயத்தின் மூலம் மீட்க வழிசெய்தது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரின் முன்னிலையில் இவ்விசாரணைகள் நடக்கின்றன. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, எந்தத் தரப்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. முதியவர் பணமில்லாமல் தோற்கக்கூடாது என்பது நோக்கம். ஆனால் வீட்டையே இழக்கக்கூடிய பிள்ளையும் வழக்கறிஞரின்றி நிற்கவேண்டியதாயிற்று. டெல்லி, கேரள உயர் நீதிமன்றங்கள் 2021இல் அந்தத் தடையை ஏற்கவில்லை. நிபந்தனை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதிலும் உச்ச நீதிமன்றத்தின் குரல் ஒன்றாக இல்லை. 2022 டிசம்பரில் வேண்டும் என்றது. 2025 சனவரியில், முதியவருக்கு உதவவந்த சட்டத்தைத் தாராளமாகப் படிக்கவேண்டும் என்றது. 2020 டிசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு இன்னும் கூர்மையானது. கணவனோடு பிணக்குப்பட்ட மருமகளை வீட்டைவிட்டு எழுப்புவதற்கு மாமன் மாமியின் முதுமையை ஆயுதமாக்கக் கூடாது என்றது அது. முதியவர் எப்போதும் முறைப்பாட்டாளரல்லர். சிலவேளை முறைப்பாட்டுக்குப் பயன்படும் பெயர் மட்டுமே என்பதை ஓர் உயர்ந்த மன்று அன்று வெளிப்படையாகவே கண்டுகொண்டது.

திருகோணமலையில் இத்தகைய வழக்குகளுக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்ரிக் பையோடு வருவார்கள். அதற்குள் மருந்துக்கடைச் சிட்டைகள், மின்சாரப் பட்டியல்கள், வீதி ஆதன வரிப் பற்றுச்சீட்டுகள், அம்மாவின் பழைய அடையாள அட்டை, ஈமச்சடங்குக்கு ஐயருக்குக் கொடுத்த கணக்கு எழுதிய கொப்பித் தாள் எல்லாம் இருக்கும். சட்டத்தரணியின் மேசையில் அதைக் கவிழ்த்துவிட்டு, நான்தானே பார்த்தேன் என்பார்கள். சட்டத்தரணி அவற்றை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடுவார்: உறுதி எழுதிய திகதிக்கு அண்மித்த நாளில், அம்மாவின் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதிய பக்கம். அந்தக் கொப்பி முடிந்துவிட்டது, புதியது போட்டபோது பழையதை எறிந்துவிட்டோம் என்பார்கள்.